பணம் எங்கே ஆவியாகிறது?

நாளிதழ்களில் கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திகளுக்கு நடுவே ஒரு சிறு செய்தி அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. இன்றைய நீர்மட்டம் இவ்வளவு. நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. வெளியேற்றம் இத்தனை கன அடி. இருப்பது நாலே எண்கள்தாம். ஆனால் பாசனத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எத்தனை நாளுக்குத் திறப்பது என்ற முடிவுகளுக்கெல்லாம் அந்த நாலு எண்கள்தாம் அடிப்படை.

அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விதி மிக எளியது.

நேற்றைய இருப்பு + வரத்து – வெளியேற்றம் = இன்றைய இருப்பு.

தண்ணீர் திடீரென்று தோன்றுவதில்லை; திடீரென்று மறைவதும் இல்லை. இயற்பியலில் இதை அழியா விதி என்கிறோம். இந்தக் கணக்கை ஒரு கோடைமாதம் முழுவதும் போட்டுப் பார்த்தால் கணக்கில் வரும் இருப்பைவிட உண்மையில் இருக்கும் இருப்பு குறைவாக இருக்கும். குறைந்த நீர் எங்கே போயிற்று? வெயிலில் ஆவியாயிற்று, தரைக்குள் கசிந்தது. மதகு வழியாகப் போகும் நீர் கண்ணுக்குத் தெரியும். ஆவியாகும் நீர் தெரியாது. கணக்கில் விழும் குறைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

மாதச் சம்பளமும் இந்த விதிக்கு உட்பட்டதே. அது எப்படி என்பதை என் பழைய மாணவன் ஒருவனுடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு சொல்கிறேன்.

இருபதாம் தேதி மர்மம்

பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஓசூர். 1970களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் மொபெட், லாரி, கைக்கடிகாரம் செய்யும் ஆலைகள் வந்தன. இன்றும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்த இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் நாளை போகக்கூடும்.

அப்படிப் போன ஒருவன் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கைக்கு வரும் சம்பளம் மாதம் 15,000 ரூபாய்.

“சார், இருபதாம் தேதிக்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை” என்றான்.

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு மீதியையும் சொன்னான். மாதாமாதம் அறைத் தோழர்களிடம் கைமாற்று வாங்கியிருக்கிறான். அதையெல்லாம் அடைப்பதற்காக வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் 10,000 ரூபாய் வாங்கிவிட்டான். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. வீட்டில் சொல்லவில்லை.

“திட்டம் போட்டுத்தான் செலவு செய்கிறேன் சார்” என்று நோட்டைக் காட்டினான். அதில் இப்படி எழுதியிருந்தது.

அறை வாடகையில் என் பங்கு – 2,500
சாப்பாடு – 4,500
வீட்டுக்கு அனுப்புவது – 4,000
பேருந்து, கைபேசி – 1,000
கைச்செலவு – 1,500
சேமிப்பு – 1,500
மொத்தம் – 15,000

கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக இருக்கிறது. பிறகு ஏன் கடன் வந்தது? “எனக்கு மனவுறுதி போதாது சார்” என்பது அவன் கண்டுபிடித்த காரணம். எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது.

இரண்டு வகைப் பிழைகள்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் பிழைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தைப் பத்து முறை அளந்தால் பத்து விடைகள் வரும். ஒன்று சற்றுக் கூடும், ஒன்று சற்றுக் குறையும். இவை ஒழுங்கற்ற பிழைகள். பல முறை அளந்து சராசரி எடுத்தால் இவற்றின் விளைவு குறைந்துவிடும்.

ஆனால் கருவியிலேயே சுழிப் பிழை இருந்தால் என்ன ஆகும்? எல்லா அளவும் ஒரே பக்கமாகத் தவறும். நூறு முறை அளந்தாலும், எவ்வளவு கவனமாக அளந்தாலும், அந்தத் தவறு போகாது. இது முறையான பிழை. அளப்பவனைத் திட்டி இதைத் திருத்த முடியாது. சுழிப் பிழையைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும்.

மாணவனின் திட்டத்தில் இருந்தது இந்த இரண்டாவது வகைப் பிழை என்று எனக்குத் தோன்றியது. எனவே அவனுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். “அடுத்த மாதம் முழுவதும் எதையும் குறைக்காதே. வழக்கம்போல் செலவு செய். ஆனால் ஒவ்வொரு ரூபாயையும் அன்றன்றைக்கு எழுது. கைபேசியில் கட்டிய பணம் அதிலேயே பதிவாகியிருக்கும்; இரவில் அதைப் பார்த்து நோட்டில் எழுதிவிடு. ரொக்கமாகக் கொடுத்ததை மறப்பதற்குள் எழுது” என்றேன்.

மாதம் முடிந்ததும் நோட்டோடு வந்தான். சாப்பாட்டுக்கு எழுதியிருந்தது 4,500, ஆனது 5,100. கைச்செலவுக்கு எழுதியிருந்தது 1,500; ஆனது 2,300. அந்த 2,300-இல் டீக்கடை, பேக்கரி மட்டும் 1,100. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய்வந்ததில் 800. மற்றவை 400. ஆக, இந்த இரண்டு இனங்களிலும் சேர்த்து 1,400 ரூபாய் அதிகம். அணை நீர் ஆவியாவது இப்படித்தான். டீக்கடையில் கொடுக்கும் பன்னிரண்டு ரூபாயையோ பதினைந்து ரூபாயையோ யாரும் செலவாக நினைப்பதில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை, ஆனால் ஆண்டுதோறும்

சுழிப் பிழையின் ஒரு பாதி அந்த மாத நோட்டிலும் அகப்படவில்லை. அதைப் பிடிக்க வேறொரு கேள்வி தேவைப்பட்டது. “மாதாமாதம் வராமல், ஆண்டில் எப்போதாவது வரும் செலவுகள் என்னென்ன?” என்று கேட்டேன். இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம்.

தீபாவளித் துணிமணி, இனிப்பு – 4,000
தங்கைக்குச் சீருடை, நோட்டுகள் – 2,500
கல்யாண மொய், ஆறு முறை, தலைக்கு 500 – 3,000
காய்ச்சல், மருந்து – 1,800
ஷூ, பை, சில்லறைப் பழுது – 2,100
ஊர் மாரியம்மன் திருவிழா – 2,000
டிப்ளமோவில் பாக்கியுள்ள தேர்வுக்குக் கட்டணம், போக்குவரத்து – 1,400
மொத்தம் – 16,800

இதை 12-ஆல் வகுத்தால் மாதம் 1,400 ரூபாய்.

இந்தச் செலவுகளில் எதுவும் ஊதாரித்தனம் அல்ல. எதுவும் எதிர்பாராததும் அல்ல. தீபாவளி ஆண்டுதோறும் வருகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. நம் ஊர்ப் பக்கம் மொய் எழுதாமல் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இவை “இந்த மாதம் மட்டும் கூடுதலாக வந்த செலவு” என்றே தோன்றுகின்றன. வேறு வேறு பெயரில், வேறு வேறு மாதத்தில் வருவதால் அவற்றைத் தனித்தனி விபத்துகளாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் எல்லாம் ஒரே திசையில் தள்ளும் ஒரே பிழை.

இப்போது கூட்டுவோம். அளவீட்டில் தெரிந்த குறை 1,400. மறந்துபோன ஆண்டுச் செலவு 1,400. இரண்டும் சேர்ந்து மாதம் 2,800. “சேமிப்பு” என்று எழுதிய 1,500 இதிலேயே கரைந்துபோயிற்று. மீதி 1,300-க்குக் கைமாற்று. எட்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் 10,400 ரூபாய். அவன் வாங்கிய கடனோ 10,000!

இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்து அவன் சற்று நேரம் பேசவில்லை. “அப்படியென்றால் இது என் தவறு இல்லையா சார்?” என்று கேட்டான். “அளவு தவறு. அளவைத் திருத்துவது உன் பொறுப்பு” என்றேன்.

கணக்கு எழுதுவது பெரிய விஞ்ஞானம்

குடும்பச் செலவை எழுதிவைப்பது சில்லறை வேலை என்று எண்ணிவிடாதீர்கள். எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். வருமானம் குறைந்த குடும்பம் தன் செலவில் பெரும்பங்கை உணவுக்கே கொடுக்கிறது. வருமானம் உயர உயர அந்தப் பங்கு குறைகிறது என்று 1857-இல் எழுதினார். இன்றும் இது எங்கல் விதி என்றே வழங்குகிறது.

நம் நாட்டிலும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிடம் இப்படி விவரம் சேகரிக்கிறார்கள். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் அதைக் கொண்டு தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுகிறது. செய்தித்தாளில் “அகவிலைப்படி உயர்வு” என்று படிக்கிறீர்களே, அது இந்தக் குறியீட்டெண்ணை ஒட்டியே முடிவாகிறது. அந்தக் கணக்கில் உணவு வகைகளுக்குத் தரப்பட்ட பங்கைப் பாருங்கள். 1982-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் நூற்றுக்குச் சுமார் 57. 2001 வரிசையில் 46. 2016 வரிசையில் 39. எங்கல் சொன்ன திசையிலேயே எண்கள் நகர்ந்திருக்கின்றன. யாரோ பல்லாயிரம் குடும்பங்கள் அரிசிக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று சொன்ன விவரங்களிலிருந்து பிறந்த எண்கள் இவை.

கடன் ஒரு கசிவு

அடுத்து அந்தக் கடனைப் பார்ப்போம். நூற்றுக்கு 5 ரூபாய் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. ஆனால் அது மாதத்துக்கு. 10,000 ரூபாய்க்கு மாதம் 500; ஆண்டுக்கு 6,000. அவ்வளவும் கட்டிய பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். வட்டியைக் கட்டாமல் விட்டு அது அசலோடு சேர்ந்தால் ஓராண்டில் கடன் சுமார் 17,960 ஆகும். பதினைந்து மாதத்தில் இரு மடங்கைத் தாண்டும். அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு சட்டமே வந்தது என்றால் இதன் கொடுமை எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

2017 நவம்பர் இறுதியில் கிருஷ்ணகிரி அணையின் எட்டு மதகுகளில் ஒன்று உடைந்தது. சேர்த்துவைத்த நீர் வீணாக ஆற்றில் ஓடியது. அந்த நேரத்தில் நீர்வரத்தை எப்படிக் கூட்டுவது என்று யாரும் யோசிப்பார்களா? முதலில் உடைப்பை அடைக்க வேண்டும். கடனும் அப்படியே.

அவன் அன்றிரவே வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டு விழும் என்று பயந்துகொண்டு போனவனிடம் அந்த அம்மா, “மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?” என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் தம் காதுக் கம்மலைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, வட்டிக்காரரின் கணக்கை முடித்தார். வங்கியில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 700 ரூபாய் வீதம் கட்டினால் என்ன வித்தியாசம்?

5 ரூபாய் வட்டியில்: கடன் தீர 26 மாதம், கட்டும் தொகை சுமார் 18,000.
1 ரூபாய் வட்டியில்: கடன் தீர 16 மாதம், கட்டும் தொகை சுமார் 11,000.

அசல் ஒன்று, தவணையும் ஒன்று. வட்டி மட்டும் வேறு. அந்த ஏழாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியது கம்மல் மட்டுமல்ல. அவன் வாய் திறந்து சொன்னதும்தான்.

புதிய திட்டம்

இருவரும் சேர்ந்து எழுதிய புதிய திட்டம் இது.

அறை வாடகை – 2,500
சாப்பாடு – 4,900
வீட்டுக்கு, கடன் தீரும்வரை – 2,500
பேருந்து, கைபேசி – 1,000
கைச்செலவு – 1,500
ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கீடு – 1,400
கடன் தவணை – 700
கையிருப்பு – 500
மொத்தம் – 15,000

டீயை அவன் நிறுத்தவில்லை. இரவு ஷிப்டில் வேலை பார்ப்பவனிடம் டீ குடிக்காதே என்று சொல்வது திட்டமாகாது. பேக்கரியில் வாங்குவதைக் கொஞ்சம் குறைத்தான். பெங்களூருக்கு மாதம் ஒரு முறை மட்டும் போகிறான். ஆண்டுச் செலவுக்கான 1,400 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுகிறான்.

கடைசியில் இருக்கும் 500 ரூபாய் எதற்கு? அவன் வேலை பார்க்கும் ஆலையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அங்கே வரைபடத்தில் 20 மில்லிமீட்டர் தண்டு வேண்டும் என்று மட்டும் எழுதுவதில்லை. கூடவோ குறையவோ எவ்வளவு விலகலாம் என்றும் குறித்திருப்பார்கள். விலகலுக்கு இடம் கொடுக்காத வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்தக் கடைசல் எந்திரத்தாலும் ஒரு தண்டுகூடச் செய்ய முடியாது. வரவு செலவுத் திட்டத்துக்கும் இந்த விலகல் அளவு வேண்டும்.

அது ஏன் சரியாக 500? சாப்பாடு, பயணம், கைச்செலவு ஆகிய மூன்றும் மாதத்துக்கு மாதம் மாறுபவை. ஒவ்வொன்றும் 300 ரூபாய் கூடலாம் அல்லது குறையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே மாதத்தில் கூடினால் 900 வேண்டும். ஆனால் மூன்று நாணயங்களைச் சுண்டினால் மூன்றும் தலையாக விழுவது எட்டில் ஒரு தடவைதான். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். இத்தகைய ஒழுங்கற்ற பிழைகளைக் கூட்டும்போது ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300-இன் வர்க்கம் 90,000. மூன்று மடங்கு 2,70,000. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 520. பெரும்பாலான மாதங்களுக்கு 500 போதும். போதாத மாதமும் வரும். மிஞ்சிய மாதத்தின் பணம் அதற்குக் கைகொடுக்கும்.

மிதவை செய்யும் வேலை

திட்டம் எழுதுவது எளிது. அதைக் காப்பாற்றுவது கடினம் என்பார்கள். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். தொட்டி நிறைந்ததும் மிதவை மேலே எழுந்து குழாயை மூடுகிறது. மிதவைக்கு மனவுறுதி ஏது? நீர்மட்டத்தை அது ஒவ்வொரு கணமும் அறிகிறது. அதனால் உடனே திருத்துகிறது. மாதம் ஒரு முறை மட்டும் மேலும் கீழும் அசையும் மிதவை ஒன்று இருந்தால் வீடெல்லாம் வெள்ளமாகிவிடும்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவரின் நிலையும் அதுதான். தவறு தெரியும்போது திருத்தப் பணம் இருக்காது. ஆகவே அவன் கைச்செலவை வாரத்துக்கு 350 என்று பிரித்துக்கொண்டான். நாலு வாரத்துக்கு 1,400. மீதி 100 மிச்ச நாட்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை பத்து நிமிடம் நோட்டைப் பார்க்கிறான். ஒரு வாரம் 60 ரூபாய் கூடினால் அடுத்த வாரம் 60 ரூபாய் குறைத்தால் போதும். சிறு தவறுக்குச் சிறு திருத்தமே தேவை.

எந்த மாற்றத்தைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் இயற்பியல் படித்துத் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் 1924-இல் கட்டுப்பாட்டு வரைபடம் ஒன்றை உருவாக்கினார். அளவுகளை நாள்வாரியாகப் புள்ளியிட்டு, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு வரைவார்கள். புள்ளிகள் கோடுகளுக்குள் அலைந்தால் எந்திரத்தைத் தொடாதே. ஒரு புள்ளி கோட்டைத் தாண்டினாலோ, புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கமாக விழுந்தாலோ காரணத்தைத் தேடு. நோட்டிலும் இதே விதிதான். ஒரு வாரம் கூடினால் கவலை வேண்டாம். தொடர்ந்து நாலு வாரம் கூடினால் குறை உங்களிடம் இல்லை. திட்டத்தில் இருக்கும் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணை மாற்றுங்கள்.

நீங்களும் அளந்து பாருங்கள்

மாணவர்களே, சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கைக்கு வரும் பேருந்துக் காசு, தின்பண்டக் காசு எல்லாவற்றையும் 30 நாள் எழுதுங்கள். எழுதத் தொடங்கும் முன், எதற்கு எவ்வளவு ஆகும் என்று உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி மடித்துவையுங்கள். முப்பதாம் நாள் தாளைப் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இரு பக்கமும் விழுகிறதா, ஒரே பக்கமாக விழுகிறதா?

பிறகு வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளைப் பட்டியலிட்டு 12-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகலாம். அதற்குப் பிறகு வரும் பேச்சு பயனுள்ளதாக இருக்கும்.

என் மாணவன் போன வாரம் வந்திருந்தான். ஒன்பது தவணை கட்டிவிட்டான். இன்னும் ஏழு பாக்கி. கம்மல் இப்போதும் வங்கியில்தான் இருக்கிறது. பாக்கி இருந்த தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று என்றான். அந்தப் பணம் யாரிடமும் வாங்கியதல்ல. அஞ்சலகக் கணக்கிலிருந்து எடுத்தது.